தோட்டாவைக் கடிப்பது

செவ்வாய்க்கிழமை.

வேலைக்குப் போகிறவர்களின் மாலை வகுப்பில், தோட்டா வரும் ஆங்கில மரபுத்தொடர்களை எடுத்தேன். ‘டொட்ஜ் எ புல்லட்’ என்றால் மயிரிழையில் தப்புவது. ‘பைட் த புல்லட்’ என்றால் தவிர்க்க முடியாத வேதனையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது. அந்தக் காலத்துப் போர்களில் மயக்க மருந்து இல்லாமல் காலை வெட்டும்போது, சிப்பாய் கடித்துக்கொள்ள ஒரு தோட்டாவைக் கொடுப்பார்களாம். பேனை மூடியைக் கவ்வி நடித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வன்னியிலிருந்து வந்து அம்பிட்டியவில் தங்கியிருக்கும் துஷ்யந்தி மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன, வெளங்கலையா?" என்றேன்.

மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"விளங்குது டீச்சர். எனக்குக் கால் எடுக்கேக்க துவாய்த் துணிதான் கடிக்கத் தந்தவை."

எப்போதும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பாள். நீளப் பாவாடை. நான் கவனித்ததே இல்லை.

பதில் சொல்பவர் எழுந்து நிற்க வேண்டும், நான் சொன்ன பிறகே உட்கார வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவள் எழுந்திருக்கத் தாமதிப்பதை மூன்று மாதமாகச் சோம்பல் என்று நினைத்தேன். இரண்டு தடவை ஏசியும் இருக்கிறேன்.

இன்று உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றவர்கள் கொப்பிகளை மூடிக்கொண்டு புறப்பட்டபோதும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.