தகட்டுக்கு அந்தப் பக்கம் நீ

இன்று காலை பட்டறையில் சிவப்புச் சாயம் குழைத்தார்கள். ஒடுக்கு எடுத்த இரும்புக்கு முதல் பூச்சாக அடிப்போமே, அதே சாயம்தான். ஆளிவிதை எண்ணெயின் கசந்த வாசனை மூக்கில் ஏறியதும், கை தானாகவே துடைக்கும் கந்தலைத் தேடியது. என் வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. உன்னோடு இருந்த காலத்தில் அந்த வாசனை வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கரியும் வியர்வையுமாகப் படகின் வயிற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து, "பீடி கீதாடா?" என்று கேட்பாய். இன்று சாயம் குழைத்தது வேறு யாரோ முடித்த படகுக்கு. கந்தலை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன மறுவருஷம் நாம் ராயபுரத்துப் பட்டறையில் சேர்ந்தோம். நீ ஒரு மாதம் முந்தி, நான் பிந்தி. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இரும்புப் படகுகள் கப்பலின் விலாவில் இடித்துக்கொண்டும் கற்சுவரில் மோதிக்கொண்டும் நம்மிடம் வந்து சேரும். உள்வாங்கிய தகட்டை மறுபடி வெளியே கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளேயிருந்து சம்மட்டியால் அடிப்பான். இன்னொருவன் வெளியே அதே இடத்துக்கு நேராகக் கனத்த இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பான். உள்ளே நீ, வெளியே நான். நாள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தும் உன் முகத்தைப் பார்ப்பது சோற்று நேரத்தில்தான். இடம் மாற வேண்டுமென்றால் கட்டையால் தகட்டில் தட்டுவேன். நீ பதிலுக்கு ஒன்று தட்டிவிட்டு நகர்வாய்.

அவசரக்காரன் ஒடுக்கின் நடுவில் அடிப்பான். தகடு இளகிப்போய், அழுத்தினால் உள்ளே, விட்டால் வெளியே என்று தகர டப்பாவைப் போலத் துள்ளும். நீ அப்படி அடித்ததே இல்லை. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, நிதானமாக நடுவுக்கு வருவாய். "இன்னா அவுசரம்? படகு எங்க ஓடிடப் போவுது?" என்பாய். மனிதர்களிடமும் நீ அப்படித்தான். எனக்கென்று குடும்பம் அமையவில்லை. அதைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு வைக்கும்படி செய்துவிட்டாய், அவ்வளவுதான்.

உன் காது எப்போது போகத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. இரும்புப் படகுக்குள் உட்கார்ந்து இரும்பை அடிக்கிறவனுக்குக் காது மந்தமாவது நம் பட்டறையில் புதிதல்ல. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அதனால் நீ கேட்காமல் இருப்பதற்கும் கேட்டும் பேசாமல் இருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதலில் கண்டுபிடித்தவள் உன் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சட்டியை இறக்கிவிட்டு, உன் முதுகுக்குப் பின்னாலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"பாருண்ணே, தொண்ட கிழிய கூவிகினு கீறேன், திரும்புதா பாரு. கல்லு மாரி குந்திகினு கீது."

நான் உன் முழங்காலைத் தொட்டு அவளைக் காட்டினேன். நீ அவள் முகத்தைப் பார்த்தாய், பிறகு சட்டியைப் பார்த்தாய். "பட்டற சத்தம் காதுல ஒட்டிகினு கீதும்மா. துன்னா பூடும்" என்று சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

பட்டறையில் அது வெளிப்பட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. நீ வெளியே சாரப் பலகையில் நின்று, வேலை முடிந்த தகட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே ஆணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சங்கிலியில் தூக்கிய பாரம் ஆடத் தொடங்கியதும் பட்டறை முழுக்கக் கூச்சல் போட்டிருக்கிறார்கள். எனக்கு உள்ளே கேட்டது. தலையை வெளியே நீட்டினேன். எல்லோரும் உன்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் தகட்டைத் தடவிக்கொண்டு நின்றாய். பாரம் உன் தோளில் இடித்துத் தள்ளியது. கீழே மணல். எலும்பு முறியவில்லை. ஆனால் இத்தனை நாள் நீ மறைத்துவைத்தது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

மேஸ்திரி கெட்ட மனிதர் இல்லை. நான் அவரிடம் கெஞ்சினேன். நானும் இவனும் ஒன்றாகவே இருப்போம், பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இன்னாபா பண்ணுவேன்? இன்னிக்கு தோளோட போச்சு. நாளிக்கு மண்டைல வுழுந்தா? இவன் பொஞ்சாதி மூஞ்சில நீ முழிப்பியா, நான் முழிப்பனா? வோணாம்பா. வூட்ல இருக்க சொல்லு."

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. உனக்கு மட்டும் கேட்கவில்லை. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"இன்னாடா சொல்றாரு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உன் எதிரே வந்து நின்று சொன்னேன். என் உதடு நடுங்கியதில் உனக்குப் புரியவில்லை.

"வாய தொறந்து ஒயுங்கா சொல்லுடா."

இரண்டாம் தடவை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, உதடு தெரியச் சொன்னேன். வேலைக்கு வர வேண்டாமாம். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். முடிந்ததும் "சரி" என்றாய். உன் சம்மட்டியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாய். பின்னாலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு என்ன பிரயோசனம் என்பது கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை நாம் சேர்ந்து வேலை செய்தோம். எண்ணூர்க் கழியில் உப்பு ஏற்றும் இரும்புப் படகொன்று ரயில் பாலத்துத் தூணில் மோதிக் கரையில் ஏறிக் கிடந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவர வழியில்லை. ஆளை அனுப்பச் சொல்லி உப்பளக்காரர்கள் கேட்டார்கள். விடுமுறை நாளில் நான் போவதாக ஒப்புக்கொண்டேன். துணைக்கு யாரை அழைத்துப் போகிறாய் என்று மேஸ்திரி கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நீ திருவொற்றியூர் தாண்டும் வரை தோளைத் தடவிக்கொண்டே வந்தாய். படகைப் பார்த்ததும் முகம் மாறியது. கரி அடுப்பை நீயே மூட்டினாய். தகடு சிவந்ததும் உள்ளே இறங்கினாய். மேலே எதுவும் தொங்கவில்லை, சுற்றிலும் யாரும் கத்தவில்லை. உப்பு வண்டிகளும் நாரைகளும்தான். பழையபடி ஓரத்திலிருந்து சுற்றி வந்தோம். வெயில் ஏறி, தகடு ஆறிய பிறகு, கடைசியாகச் சரிபார்க்கிற நேரத்தில் நான் தட்டினேன். பதில் வரவில்லை. மறுபடி தட்டினேன். பயந்து போய்ச் சுற்றி ஓடி வந்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

நீ தகட்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் காலைத் தொட்டேன்.

"ஏண்டா நிறுத்திட்ட?" என்றாய். "எல்லாம் செத்துப்பூச்சு. எம் பொஞ்சாதி கொரலே பூச்சு. நீ தட்டுறது மட்டும் எலும்புல வருது. போ, தட்டு."

நான் வெளியே போய்த் தட்டினேன். தட்டுவதற்கு வேலை எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் தட்டிக்கொண்டிருந்தேன். உப்பு வண்டிக்காரன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, பைத்தியம் என்று நினைத்திருப்பான், போய்விட்டான்.

கொஞ்ச நாளில் நீ குடும்பத்தோடு மீஞ்சூருக்குப் போனாய், மைத்துனன் வீட்டுக்கு. ரயிலில் ஏற்றிவிட்டது நான்தான். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. துக்கம் கேட்கப் போனபோது உன் மனைவி திண்டாடிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். வாசலில் அந்தத் தெருப் பெண்கள் இருந்தார்கள். ஒடுங்கிப்போன குடம், சொம்பு, அண்டா என்று அந்தத் தெருவில் நீ தட்டி நிமிர்த்தாதது எதுவும் இல்லையாம். உன்னிடம் பேசுவதற்கு அவர்கள் எதிரே வந்து உட்காரப் பழகியிருந்தார்களாம்.

"சிரிச்சிகினேதாண்ணே இருந்துச்சு, கடேசி வரிக்கும்" என்றாள் உன் மனைவி.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ராயபுரம் திரும்பும் ரயிலில், அந்த நிம்மதியில் எனக்கு இடமில்லை என்பதுபோல ஒரு தனிமை வந்து உட்கார்ந்தது. இன்னும் எழுந்து போகவில்லை. இப்போது உன் இடத்தில் அடிக்கிறவன் நல்ல பையன். நன்றாகவே அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு அறைக்குத் திரும்புகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தை பிறந்ததிலிருந்து என் காதில் ஓர் இரைச்சல். கொல்லன் துருத்தி ஊதுவதுபோல, நிற்காமல். மற்றவர்கள் பேசுவது அதற்குப் பின்னால் எங்கோ கேட்கிறது. அவர்கள் உதட்டைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நீ அமைதியில் இருக்கிறாய் என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த இரைச்சலோடா அவ்வளவு காலம் சிரித்துக்கொண்டிருந்தாய்? பட்டறைச் சத்தம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்று நீ சொன்னதை விளையாட்டு என்றல்லவா நினைத்தோம்.

மேஸ்திரிக்கு இன்னும் தெரியாது. உள்ளே அடிக்கிற பையனுக்கும் தெரியாது. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.