லட்டுவின் கண்ணீர் நின்றுவிட்டது

என் தினா கண்ணு,

உனக்கு லெட்டர் எழுதி எனக்குப் பழக்கமே இல்லை. நீ இருந்தவரைக்கும் எல்லாம் போன்தான். ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டைத் தாண்டியதும் எனக்கு அடிப்பாய். "அக்கா, இன்னிக்கு இன்னா கொழம்பு?" அவ்வளவுதான் கேட்பாய். என்ன குழம்பு வைத்தாலும் காஞ்சிபுரத்தில் வண்டியை நிறுத்தி என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் மானாம்பதிக்குப் போவாய். இப்போதும் அந்த நேரத்துக்குப் போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். கடன் அட்டை வேணுமா என்று யாரோ கேட்கிறார்கள்.

லட்டுவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நைனாவைப் பற்றிச் சொல்லாமல் லட்டுவைப் பற்றிச் சொல்ல முடியாது.

நீ போன அன்றைக்கு நைனா அழவில்லை. அம்மா மண்ணில் புரண்டாள். நான் கத்தினேன். பஷீர் தன் தண்ணிக்கேன் வண்டிக்குப் பின்னால் நின்று விம்மினான், அவன் உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இல்லையா? நைனா மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெருநகர் தாண்டி, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் உன் வண்டி சறுக்கியது என்று சொன்னார்கள். யார் வீட்டு நெல் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. நாமும் அதே ரோட்டில் காயப்போட்டவர்கள்தானே. இந்த அறுப்புக்கு மட்டும் மூட்டையையெல்லாம் ஏரிக்கரைக் களத்துக்குக் கொண்டுபோனார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

லட்டுதான் அழுதது. அப்படித்தான் ஊரே சொன்னது. பண்ணை வீட்டு வாட்ச்மேன் குடுத்தார் என்று சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாயே, அந்த நாய்க்குட்டி இப்போது கன்றுக்குட்டி உயரம் இருக்கிறது. உன் காரியத்தன்று பந்தலுக்கு வெளியே, உன் பழைய செருப்புக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. ரெண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டி, கன்னத்து மயிர் கறுத்துப் போயிருந்தது. நம் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தன் அதைப் போனில் பிடித்து, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, 'எஜமானுக்காகக் கண்ணீர் விடும் ஜீவன்' என்று எழுதி அனுப்பிவிட்டான். அது ஊர் ஊராகப் போய், என் மாமியாருக்கே யாரோ அனுப்பினார்கள். மாகறலில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

"இதுக்குக் கீற பாசம் மனுசாளுக்கு ஏது" என்று வந்தவர்கள் சொல்லும்போது நைனாவின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும்டா. நான் பார்த்தேன். அவர்கள் போனபிறகு மோட்டார் கொட்டகை நிழலில் லட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் துண்டால் அதன் கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் அவர் யாரோடாவது உட்கார்ந்தது அப்போது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போவேன். ஒவ்வொரு வாரமும் கண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. முதலில் தண்ணீர். பிறகு கொழகொழவென்று மஞ்சளாகப் பூளை. அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி விட்டுப் பார்த்தாள். கேட்கவில்லை. பொங்கலுக்குப் போனபோது லட்டு வெயிலுக்கே வரவில்லை. நெல் மூட்டைக்குப் பின்னால் இருட்டில் முடங்கிக் கிடந்தது. கூப்பிட்டதும் எழுந்து வந்தது, வாசக்காலில் முட்டிக்கொண்டது.

துக்கத்தில் அழுகிற உயிர் வாசக்காலிலா முட்டும்?

பஷீரைக் கூப்பிட்டேன். "ஏற்று அக்கா, போலாம்" என்று கேன்களை இறக்கி வைத்துவிட்டு அவனுடைய குட்டியானை வண்டியில் இடம் பண்ணினான். உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். நைனா வரவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். சினை மாட்டைப் பார்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். லட்டுவின் முகத்தைத் தூக்கிப் பார்த்ததுமே உதட்டைக் கடித்துக்கொண்டார். கீழ் இமையை விரலால் மெல்ல வெளியே இழுத்தார். உள்ளே மடிந்திருந்த இமையின் ஓரமும் ஈரமான மயிரும் அப்போதுதான் வெளியே வந்தன. விரலை எடுத்ததும் திரும்ப உள்ளே சுருண்டுகொண்டன.

"இதாங்க. இமை உள்பக்கமா சுருண்டுகீது. அந்த முடியெல்லாம் கருவிழி மேல உரசிக்கினே கீது. உங்க கண்ணுல ஒரு முடி வுழுந்தா சும்மா இருப்பீங்களா? இதுக்கு எந்நேரமும் அதான்."

பிறகு ஏதோ ஒரு மருந்தைச் சொட்டி, நீல விளக்கை அடித்துக் காட்டினார். வலது கண்ணின் நடுவில் பச்சையாக ஒரு திட்டு மினுங்கியது. இடது கண்ணில் ஓரமாக ஒரு கீற்று. பச்சையாகத் தெரிவதெல்லாம் புண் என்றார். வலது பக்கம் ஆழமாகப் போய்விட்டதாம். இன்னும் விட்டால் கண் உடைந்துவிடும், அப்புறம் எடுக்கத்தான் வேண்டும் என்றார். முதலில் புண்ணுக்கும் வலிக்கும் மருந்து. அடுத்தது ஆபரேஷன். இமைக்குக் கீழே பிறை மாதிரி ஒரு துண்டுத் தோலை எடுத்துவிட்டுத் தைத்தால் இமை வெளியே திரும்பிக்கொள்ளுமாம்.

"அப்போ இது அழுவுலயா மேடம்?" பஷீர் கேட்டான்.

அவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வீடியோவைப் பார்த்திருப்பார் போல. "நாய்க்குத் துக்கம் இருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தண்ணி வலியில வர்றது" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதினார்.

வரும் வழியெல்லாம் எங்களுக்கு ஒரே யோசனைதான். நைனாவிடம் யார் சொல்வது?

நான்தான் சொன்னேன். இமை, முடி, புண், எல்லாம் சொன்னேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அழுவுறத நிறுத்துறதுக்கு ஆபரேஷனா? வாணாம்."

"அது அழுகை இல்ல நைனா. புண்ணு."

"உனக்கு இன்னாமா தெரியும்? நீ ஞாயித்துக்கிழமை வர, பூட்ற. நான் கூடவே கீறன். அவனுக்காக அழுவ இந்த வூட்ல அது ஒண்ணாவது கீது. அதையும் நிறுத்திப்புடாத."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சொட்டு மருந்தை அவளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்து நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வழக்கம்போல நைனா லட்டுவின் தலையை மடியில் வைத்து, துண்டால் கண்ணைத் துடைத்திருக்கிறார். லட்டு உறுமி, அவர் கையைக் கவ்விவிட்டது. பல் பதிந்ததே தவிர ரத்தம் வரவில்லை. கவ்விய மறுநொடியே கையை விட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டதாம். நைனா கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

"என்னியே கடிக்க வருது பாரு."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். "இன்னாயா பண்ணும் அது? நீ தொடைக்கிறது உனக்கு ஆறுதலா கீது. அதுக்கு வலிக்குது. அது கண்ணு இன்னிக்கு நேத்தா ஒழுவுது? புள்ள இருந்தப்பவே ஒழுவிக்கினுதான் இருந்துச்சு. அவன் ஷிப்டுக்குப் போவும்போது 'தொடச்சி வுடும்மா'ன்னு சொல்லிட்டுத்தான் போவான். நான் தொடச்சி வுடுவேன். உனக்கு அப்போ அது கண்ணுல படல."

மறுநாள் விடிந்ததும் நைனாவே பஷீருக்குப் போன் போட்டார். "வண்டிய எடுத்துக்கினு வா பஷீரு." உன் காரியம் தவிர வேறொன்றுக்கு அவரே போன் போட்டது நீ போனபிறகு அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் அன்றைக்கு நானும் போனேன். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் லட்டுவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நைனாவும் நாஷ்டா வேண்டாம் என்றுவிட்டார். வண்டியின் பின்னால் லட்டுவோடு அவர்தான் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதன் தலை அடிபடாமல் கையைக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

மேஜையில் படுக்கவைத்து மயக்க ஊசி போட்டார்கள். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நைனாவையும் என்னையும் நிற்கச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அதன் கால்கள் துவண்டன. நாக்கு வெளியே சரிந்தது. கண் மட்டும் மூடவில்லை தினா. திறந்தபடியே, எதையும் பார்க்காமல் இருந்தது.

நைனா கையை நீட்டினார். கட்டை விரலால் லட்டுவின் இமையை மெதுவாகக் கீழே தள்ளி மூடப் பார்த்தார். அது திரும்பத் திறந்துகொண்டது. மறுபடி தள்ளினார்.

"ஐயா, வாணாங்க. மயக்கத்துல கண்ணு தொறந்துதான் இருக்கும். காயாம இருக்க மருந்து வெச்சிடுவோம்" என்றார் டாக்டரம்மா. நைனா கையை எடுக்கவில்லை. டாக்டரம்மா குனிந்து நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எழுந்துக்கும்யா. கொஞ்ச நேரத்துல எழுந்துக்கும்."

அந்த ஒரு வார்த்தைதான்டா. நைனா அப்படியே மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பஷீரும் நானும் அவரைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தோம். அங்கே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"அவன அடையாளம் காட்டச் சொல்லி என்னதான் பொணவறை உள்ள இட்டுக்கினு போனாங்க கலா. ஒரு கண்ணு மூடி இருந்துச்சு. இன்னொண்ணு மூடவே இல்ல. நான் மூடி வுட்டேன். தொறந்துக்கிச்சு. திரும்பி மூடினேன். போதும் பெரியவரேன்னு வெளியில அனுப்பிட்டாங்க. அவன் கண்ணு மூடுச்சா இல்லியான்னே எனக்குத் தெரியாதுமா."

எங்களுக்கு இது தெரியாதே தினா. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் கண்கள் மூடித்தான் இருந்தன. தூங்குகிற மாதிரிதான் இருந்தாய். நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாரே, அன்றைக்கு அவர் உன் முகத்தின் பக்கமே வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூடித்தான் இருந்துச்சு நைனா. நான் பாத்தேன்" என்றேன். "நானும் பாத்தேன் நைனா" என்றான் பஷீர். அவனும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவான். அவர் எங்கள் ரெண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, உள்ளே ஆபரேஷன் முடியும்வரை அழுதார். நானும் அவரை அடக்கவில்லை.

லட்டு எழுந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு, கள் குடித்தவன் மாதிரி தள்ளாடி நின்றது. வீட்டுக்கு வந்து கூம்பால் அம்மாவின் குடத்தையெல்லாம் இடித்துத் தள்ளியது. நைனாதான் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டார். இமையைத் தொடாமல், தலையைத் தாங்கிப் பிடித்து விடக் கற்றுக்கொண்டார். தையல் பிரித்தபோது இடது கண் தெளிந்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. நிழல் மாதிரிதான் தெரியும், இனிமேல் மோசமாகாது என்றார் டாக்டரம்மா. வம்சத்தில் வருகிற கோளாறாம், அதனால் இதைக் குட்டிக்குச் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுபோயிருந்தால் அந்தக் கண்ணும் தப்பியிருக்குமோ? அதை நினைக்காத நாள் இல்லை.

வலி போனதும் லட்டு வேறு நாயாகிவிட்டது. கோழியை விரட்டுகிறது. வரப்பில் ஓடுகிறது. அது ஓடி நாம் பார்த்ததே இல்லையே, சோம்பேறி என்று நீ கூடத் திட்டுவாய். ஒருநாள் அது வைக்கோல் போரில் புரண்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டு நைனா, "அவன மறந்துட்டுது பாரு" என்றார். அம்மா, "மறக்கட்டுமேயா, நெனக்க நாம இல்ல?" என்றாள்.

போன வாரம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது போல. "அழுவுற நாயி இங்கதானே?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் நைனா கொல்லையிலிருந்து வந்தார்.

"அது அழுவுலபா. கண்ணுல முடி உரசிக்கினு இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணிட்டோம், நல்லா கீது" என்றார். அவர்கள் ஏமாந்துபோய் நின்றார்கள். "அழுவுறது நான்தான்" என்றார். சொல்லிவிட்டு, அவர்களுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். உன்னைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்.

தினா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நைனாவை இனி யாருக்கும் தெரியாமல் தனியாக அழ விடமாட்டேன். ஞாயிறு மட்டும் இல்லை, மனசு கேட்காத நாளிலெல்லாம் பஸ் ஏறிவிடுவேன். சித்திரை வெயிலில் லட்டுவின் தழும்புக் கண் கூசும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கிணற்றடியில் அதற்கு ஒரு நிழல் போட்டுத் தருவதாக பஷீர் சொல்லியிருக்கிறான். நானும் கூட நின்று கீற்று எடுத்துக் கொடுப்பேன். நீ கண்ணை மூடித் தூங்குடா.

உன் கூடப் பிறந்தவள்,
கலா அக்கா