பக்கத்து இருக்கையின் பிரேக்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலமாக இருக்கிறாள் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் கால் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். போன வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். குதிகால் எலும்பு கூடிவிட்டதாம். உள்ளேயிருந்து வெளியே வந்த கால் என்னுடையது மாதிரியே இல்லை. வெளுத்துச் சுருங்கி, ஊறப்போட்ட துணி மாதிரி இருந்தது.

போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் கதி. உன் முகவரியை நீ முன்பு வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக்கடை முதலாளியிடம் வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. ஒருத்தி நொண்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்?

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் அத்தானின் இறுதிக் காரியங்களை எல்லாம் நீதான் முன்னால் நின்று செய்தாய் என்றார்கள். அவர் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை, நீ பார்த்தாய். அதைக் கேட்கலாம் என்று வீடு வந்தால் நீ உன் அறையில் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய்.

விபத்தன்று காரை ஓட்டிய நீ ஏன் பிரேக் போடவில்லை என்று சிலர் என்னிடமே கேட்கிறார்கள். சந்திலிருந்து குறுக்கே பாய்ந்தது வேன். போலீஸும் தப்பு வேன்காரனுடையது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு வேறொன்றும் தெரியும். என் டிரைவிங் பள்ளிக் காரில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதில்தான் நீ பழகினாய். லைசென்ஸ் வாங்கிய பிறகும் அதில்தான் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினாய். எது எதிரே வந்தாலும் என் கால் முந்திவிடும். அன்றைக்கும் நீ அதற்காகத்தான் காத்திருந்தாய். என் காலும் மிதித்தது. உன் புதுக் காரில் அந்த இடத்தில் வெறும் மிதியடி. குதிகால் எப்படி இப்படி நொறுங்கியது என்று டாக்டர் கேட்டார். தரையை மிதித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பின் இருக்கையில் உன் அத்தான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்து நமக்கு ஆரஞ்சுச் சுளை நீட்டிக்கொண்டிருந்தார். அதற்கு நீ என்ன செய்வாய்? உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மன்னிக்க ஏதாவது இருந்தால் அதை எப்போதோ மன்னித்தாயிற்று.

படியில் காலடிச் சத்தம் கேட்டால் இன்னமும் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். "உன் தம்பி கதவைத் தட்டி நான் பார்த்ததே இல்லடி, பாவம்" என்று கேலி செய்வாரே. இப்போது திறந்தால் மேல்வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிற்கிறார். வந்து சேர்.

உன் அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். இங்கேயும் கண்ணாடிக்கடைதான், லென்ஸ் தேய்க்கிற வேலை. அறையிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம். இப்போதைக்கு வர முடியாது, கடையில் ஆள் குறைவு. காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும். சாப்பிட்டாயா, தூங்கினாயா, இளைத்தாயா, ஒன்றும் இல்லை.

நான் பள்ளியைத் திறந்துவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. துணி எடுக்கும்போதெல்லாம் ஒரு கையால் அவற்றை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒதுக்கும்போது அழுகை வந்துவிடுகிறது. கடைத்தெருவில் ஆரஞ்சு வண்டியைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

இப்போது எனக்கு ஒரே ஒரு மாணவி. பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்கச் சொல்லி மிரட்டுகிறவள், கிளட்சைக் கண்டால் நடுங்குகிறாள். அவளுக்கு என்மேல் ஒரு குறை: நான் பிரேக்கை விட்டுக் காலை எடுப்பதே இல்லையாம், வண்டி நத்தை மாதிரி போகிறதாம்.

உன் பழைய முதலாளியிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதமே வேலைக்கு வரலாம் என்கிறார். உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இருபத்தெட்டாம் தேதிக்கு பஸ் டிக்கெட்டும் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரம், நடு வரிசை. முன்னால் உட்கார உனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். நிலையத்துக்கு நானே வந்து நிற்பேன்.

உன் அக்கா

*

மார்ச் 24

அக்கா,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன் முகத்தில் விழிக்கக் கூசித்தான் நான் ஓடி வந்தேன் என்று நினைக்கிறாய். அதுவும் உண்டு. அது மட்டும் என்றால் உன் காலடியிலேயே கிடந்திருப்பேன். எனக்கு உன்மேல் கோபம். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கட்டுப்போட்ட காலோடு கிடக்கிறவள்மேல் கோபப்படுகிறவன் மனுஷனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அங்கேயே இருந்தால் என்றைக்காவது வாய்விட்டுச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் கிளம்பினேன்.

அம்மா போன பிறகு நீதான் வளர்த்தாய். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நான் சைக்கிளில் ஒரு நாளாவது விழுந்திருக்கிறேனா? பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாய். கார் ஓட்டும்போதும் நான் நினைப்பதற்குள் உன் கால் மிதித்துவிடும். ஒருமுறையாவது நானாக நிறுத்த விட்டாயா?

அந்த வேனை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பயமே வரவில்லை. அக்கா இருக்கிறாள் என்று இருந்தேன். அத்தான் பின்னாலிருந்து சுளையை நீட்டி, "இந்தாடா, புளிக்குது, உனக்குத்தான்" என்றார். அதுதான் அவர் பேசியது. முகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே. காயம் தெரியவில்லை. தூங்குகிறவர் மாதிரி இருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அதற்குள் மன்னித்துவிட்டதாக எழுதுகிறாய். அதிலும் முந்திக்கொண்டாய். இப்போது வேலை, அறை, டிக்கெட். எனக்கு மூச்சு முட்டுகிறது. கொஞ்ச நாள் எழுதாதே.

தம்பி

*

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

கொஞ்ச நாள் என்றாய். இது போதுமா தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் நன்றி கெட்டவன் என்று நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப்போட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். உன் அத்தான் இருந்திருந்தால் "இப்ப யாரு மேல கோபம், அவன் மேலயா, உன் மேலயா?" என்று கேட்டிருப்பார். அவர் இல்லாததால் நானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நீ சொன்னது முழுக்கச் சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. நீ விழுந்தால் தூக்கி ஆஸ்பத்திரிக்கு ஓட எனக்கு யாரும் இல்லை. அந்தப் பயத்தில்தான் விழாமலே பார்த்துக்கொண்டேன். அந்தப் பயம் எப்போது பழக்கமாகிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு மீசை முளைத்தபோதாவது நிறுத்தியிருக்கலாம்.

பல் டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். போன மாதம் ஒரு நாள் அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க. உங்க கால் அங்க இருக்கிற வரைக்கும் என் கால் கத்துக்காது." நீ எழுதியதை யாரோ அவளிடம் படித்துக் காட்டினாற்போல் இருந்தது. செருப்பைக் கழற்றி, காலை மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டேன். ஆட்கள் அதிகம் இல்லாத மைதானச் சாலைதான். ஒரு நாய் குறுக்கே வந்தது. மடக்கிய கால் தானாக இறங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் மிதித்தாள். தாமதமாகத்தான் மிதித்தாள், என் நெற்றி கண்ணாடிவரை போய் வந்தது. ஆனால் அவளாக மிதித்தாள். நாய் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். இந்த ஒரு காரியத்தை உனக்குச் செய்திருந்தால் அவர் இன்றைக்கு வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். வேன்காரன் தப்பு வேன்காரனோடு இருக்கட்டும். என் பங்கை இனி உன் தலையிலும் அவன் தலையிலும் வைக்கமாட்டேன்.

உன் அறையில் நீ விட்டுப்போனதை எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன். முதலாளியிடம் இனிப் பேசமாட்டேன். டிக்கெட் எடுக்கமாட்டேன். இதற்குப் பிறகு கடிதமும் எழுதமாட்டேன், தம்பி. கோபத்தில் சொல்லவில்லை. எழுதாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நீ எழுதினால் படிப்பேன். வந்தால் சோறு இருக்கும். வரவே இல்லை என்றாலும் உன்மேல் உள்ள பாசம் குறையாது, ஆனால் நான் செத்துப்போகிற மாதிரி இருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா

*

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தினமும் கடைக்கு வந்ததும் தபால் வந்ததா என்று கேட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். நீ எழுதாமல் இருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. முதல் மாதம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் யாரோ பிடித்துக்கொண்டிருந்த சைக்கிளை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. விழுந்தேன். காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தேன், உனக்குச் சொல்லவில்லை. நானாகவே எழுந்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். முன்வரிசைதான் கிடைத்தது. பயமாக இருக்கிறது, இருந்தாலும் உட்கார்ந்து வருகிறேன். கோபம் முழுதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அத்தான் இல்லாத வீட்டில் எப்படி உட்காருவேன் என்றும் தெரியவில்லை. இரண்டு நாள் இருந்து பார்க்கிறேன்.

நிலையத்துக்கு வராதே. வழி எனக்குத் தெரியும். படியில் என் காலடிச் சத்தம் உனக்குக் கேட்கும். கேட்டாலும் உள்ளேயே இரு.

நான் தட்டுகிறேன். அதற்குப் பிறகு திற.

உன் தம்பி