ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றை

என் அருமை வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் சௌக்கியம், மழை விட்டுவிட்டது, துணி காய்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இல்லையென்றால் இதை அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேசப் பேச உன் பக்கம் டக் டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்கிறதடி. அண்ணி வேலை மாறிய விஷயத்தை மூன்று தடவை சொன்னேன், நான்காவது தடவை "அப்படியா, எப்போம்மா?" என்றாய். காகிதத்தில் அந்த வம்பு கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இரண்டு தடவை கைநழுவிப் போன பரீட்சை, மூன்றாவது வாய்ப்புதான் கடைசி, அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி அதிலும் தேறவில்லையென்றால் அந்த ஊரில் நீ மருந்தாளராக வேலை பார்க்க முடியாது, நான்கு வருஷம் பட்ட பாடு அத்தனையும் வீண். இதெல்லாம் எனக்குத் தெரியும். "படிக்க உக்காந்தா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவிக்கிட்டே இருக்கேன்மா, எண்பது டேப் திறந்து கிடக்கு, எதையும் மூடப் பயமா இருக்கு" என்றாயே, எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் உம் கொட்டினேன். போனை வைத்ததும் நீ போன வருஷம் வந்தபோது இங்கே விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து, மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். நீ விட்டது விட்டபடியே எல்லாம் வந்து நின்றது. மேலே இடைவெளியே இல்லாமல் நீ சொன்ன அந்த டேப், அறுபத்து மூன்று பக்கம் திறந்தபடி. டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா உங்க பொண்ணு ஒரு வரி படிக்கும்?" என்றார்.

எனக்கு உடனே நம் மருந்துக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. சுவர் முழுக்க மர டிராயர்கள், ஒவ்வொன்றிலும் உன் அப்பா கையால் எழுதி ஒட்டிய சீட்டு, இழுத்தால் கிளம்பும் அந்த மருந்து வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ கீழ் வரிசையைப் படி மாதிரி இழுத்து விட்டு உச்சிக்கு ஏறப் பார்ப்பாய், வாலு என்று பெயர் வந்ததே அப்படித்தான். உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது, உனக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. அப்போது என் முன்னால் இரண்டு டிராயர் திறந்திருந்தது, இரண்டிலும் வெள்ளை மாத்திரை. மனசு உன்னிடம் போய்விட்டது, கை மட்டும் வேலை பார்த்தது. ரத்த அழுத்தத்துக்கு வாங்க வந்த தையல்காரருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. செருப்பு கூடப் போடாமல் ஓடினேன், நல்ல வேளை, பஸ் வரவில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு சொல் திட்டவில்லை. "இனிமே ஒண்ணை மூடிட்டு இன்னொண்ணைத் திறப்போம், நானும்தான்" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து உனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொரு தடவையும் "மூடியாச்சு!" என்று கத்துவாய். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் அந்த வேலையை இப்போது உனக்காக நான் செய்தேன். டீச்சர் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு மூடினேன், இரண்டு சாயங்காலம் ஆனது. எழுதி வைத்தால் எதுவும் தொலைந்துபோகாது, நீயும் அங்கே அப்படிச் செய், தாளை இதோடு வைத்திருக்கிறேன். செருப்பு விலை ஒன்பது இடத்தில் பார்த்திருக்கிறாய், கடைசியில் வாங்கினாயா இல்லையா? ஆனால் பரீட்சைக்கு என்று இருந்தது நாலே நாலுதான். தலைசுற்றல் ஏன் வருகிறது என்று பத்தொன்பது. வயதானவர்களைத் தனியாக விடலாமா என்று ஆறு. நம் ஊரில் மருந்துக்கடை வேலை காலி இருக்கிறதா என்று ஏழு. அதைப் படித்ததும் டீச்சர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

தப்பு என்னுடையதுதான் கண்ணு. சமையலறையில் விழுந்ததை நான் மறைத்தேன், போன வருஷம் நீ வந்திருந்தபோது உன் அண்ணன் உளறிவிட்டான், அதற்குப் பிறகு நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நீ எப்படி நம்புவாய்? டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டின் நகலும் இதில் இருக்கிறது, படித்துப் பார், உனக்குத்தான் அந்தப் பாஷை புரியுமே. காதுக்குள் ஏதோ கோளாறு, கழுத்துக்கு ஒரு பயிற்சி சொன்னார், இரண்டரை மாதமாக ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. இனி ஒன்று என்றால் முதலில் உனக்குத்தான் சொல்வேன், அப்பா மேல் ஆணை. ஆகவே அந்தப் பத்தொன்பதையும் ஆறையும் அங்கேயும் மூடு. வேலை தேடிய அந்த ஏழு டேப்பையும் பரீட்சை முடிந்து பார்த்துக்கொள்ளலாம். நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்காகப் பயந்துகொண்டு வராதே.

நினைத்தது கைகூடி நூறு வருஷம் நன்றாக இரு. பதினெட்டாம் தேதி ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டு ஓடாதே, போன தடவை பாதி வழியிலிருந்து திரும்பினாய். கடைசியாக ஒன்று. அறுபத்து இரண்டுதான் மூடினேன். மிச்சம் ஒன்று மேப்பில் நம் தெரு, பழைய படம். நம் கடை திறந்திருக்கிறது, வாசலில் நாற்காலி போட்டு அப்பா பேப்பர் படிக்கிறார். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள், ஆனாலும் கால் மேல் கால் போட்டிருக்கும் அந்த விதம் நமக்குத் தெரியாதா? எனக்கு மூடக் கை வரவில்லை. நீயும் மூட வேண்டாம். அது ஒன்று திறந்திருந்தால் மருந்து மாறிவிடாது.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா