அணையில் நட்ட கீரைத் தண்டுகளை ஒரு மாதம் விட்டுவைக்கும்படி

அனுப்புநர்:
க. பாக்கியலெட்சுமி,
கால்வாய்க்கரைத் தோட்டம்,
முகத்துவாரம், கொழும்பு 15.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வெள்ளத் தடுப்பணைப் பராமரிப்புப் பிரிவு,
கொழும்பு வடக்கு.

விடயம்: வரும் வெள்ளிக்கிழமை நடைபெறவுள்ள அணைத் துப்புரவை ஒத்திவைக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நானும் அயலவர்களான ஷஹீமா, யோகேஸ்வரி ஆகியோரும் அணைக்குக் கீழேயுள்ள பள்ளக்காணியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் பயிரிட்டு, கொட்டாஞ்சேனைச் சந்தைக்கும் வெள்ளவத்தைக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறோம். தங்கள் உத்தியோகத்தர் நதீஷா அவர்கள் வந்தபோது, "அக்கே, கொழும்பில எங்க தோட்டம்?" என்று சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுப் போகாமல் சேற்றில் இறங்கிப் பார்த்தார். அந்த மட்டில் அவருக்கு நன்றி.

2. ஒக்டோபர் பிறந்தபோது மழை ஒழுங்காகத்தான் பெய்தது. பின்னேரம் இடி, இரவில் ஓய்வு. இரண்டாம் வாரம் ஓய்வென்பதே இல்லை. களனி ஆறு ஏறியதும் மதகுக் கதவை மூட வேண்டியதாயிற்று; அதில் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆற்றுநீர் உள்ளே வரவில்லை, உள்ளே பெய்த மழைநீர் வெளியே போகவுமில்லை. பிறகு நல்ல வெயில் எறித்தது. அந்த வெயில்தான் எங்களைக் கெடுத்தது. தேங்கிநின்ற சாக்கடைக் கான் தண்ணீர் சூடேறி, பாத்திகளில் இருந்த அத்தனையும் வேரோடு அழுகிவிட்டது. மாதக் கடைசியில் மறுபடியும் மழை.

3. நாங்கள் கீரைக்கு விதை வைப்பதில்லை. முற்றிய தண்டை வெட்டி நடுவோம். மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொருவர் முற்றத்திலும் கொஞ்சம் தாய்த்தண்டு ஊன்றியிருக்கும். ஒருவருடையது போனால் மற்றவர் கொடுப்பார். இம்முறை ஒலிபெருக்கியில் வெள்ள எச்சரிக்கை விடுத்தவர்கள், அணை தாங்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். நாங்கள் அதை ஒரேயடியாக நம்பிவிட்டோம். முற்றத்தில் இருந்ததையும் பிடுங்கி, மூன்று வீட்டுத் தண்டுகளையும் அணையின் மேலேயே நட்டோம். முற்றங்கள் மூழ்கின. அணையில் நட்டவை தழைத்து நிற்கின்றன. இப்போது அவை நிற்கும் இடம் அத்துமீறல் என்று சிவப்புக் கொடி குத்தப்பட்டிருக்கிறது.

4. வேறு இடம் பார்க்கச் சொல்வீர்கள். பார்த்தோம். கடலுக்குப் போகும் ஒஸ்வால்ட் தன்னுடைய மீன்பெட்டிகளைத் தந்தார். மண் நிரப்பி நட்டோம். பெட்டிகளில் ஊறியிருந்த உப்பில் நட்டதெல்லாம் கருகிவிட்டது. பள்ளத்தில் இன்னும் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. சந்தையில் வாங்கி நடலாம் என்றால், வருவது இளங்கொழுந்துக் கட்டுத்தான், அது வேர்பிடிக்காது. இப்போது கந்தசஷ்டி விரதம் நடக்கிறது. கீரை கேட்டு வெள்ளவத்தைக் கடைக்காரர் நாளும் அழைக்கிறார். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

5. விவசாய நட்டத்துக்கு உதவி கேட்டுப் போன இடத்தில், நகர எல்லைக்குள் பயிர்ச்சேதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே இழந்ததற்கு எதுவும் கேட்டு இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: பள்ளம் காயும்வரை, ஒரு மாதத்துக்கு, அந்தத் தண்டுகளை விட்டுவையுங்கள். அவையும் போனால் எங்களில் எவரிடமும் திரும்ப நட ஒரு கணுக்கூட இல்லை. பாத்தி இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

இந்த மனுவில் ஒப்பமிடும்போது ஷஹீமா, "எழுதி என்ன, அவங்க வாற நேரத்துக்கு வருவாங்க தானே" என்றார். ஒப்பமிட்டுவிட்டுத்தான் சொன்னார். எனக்கும் அதற்கு மேல் நம்பிக்கை இல்லை, ஐயா. ஒரு மாதம் முடியாதென்றால், துப்புரவை அணையின் மறுகோடியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இரண்டொரு நாளாவது கிடைக்கும். அதுவும் முடியாதென்றால், மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டுபவர் மேலே ஏற்றுமுன் ஒரு தரம் ஹோர்ன் அடித்துச் சற்றுப் பொறுக்கட்டும். நாங்கள் மூவரும் அங்கேதான் நிற்போம், கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கிக்கொள்வோம். பிடுங்கியதை எங்கே நடுவீர்கள் என்று மட்டும் அவர் கேட்க வேண்டாம்.

பணிவுடன்,

(ஒப்பம்) க. பாக்கியலெட்சுமி
(ஒப்பம்) ஷஹீமா
(ஒப்பம்) யோகேஸ்வரி

இடம்: முகத்துவாரம்
திகதி: 04.11.2024