பூவாத்தாளின் தாளில் எழுதியிருந்தது

நேற்று ஆர்.எஸ்.புரத்தில், தெருவோரம் ஜிப் மாற்றிக் கொடுப்பவரிடம் என் பழைய தோள்பையைக் கொடுத்தேன். அவர் பையைக் கவிழ்த்துத் தட்டினார். கசங்கிய பேருந்துச் சீட்டு இரண்டு, ஒரு ஹேர்பின், அதோடு உன் நீலப் பகடை விழுந்தது. அவர் அதை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இது என்னங்க? சுத்தியும் நெம்பர் போட்டிருக்குது?"

"தாயக்கட்டை மாதிரிங்க. இருபது பக்கம்."

"இருபதா? இதை வெச்சு என்னத்தைங்க ஆடறது?"

"கதை சொல்லுவோங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, சாயங்காலம் வரச் சொன்னார். நீ போய் இரண்டு வருடமாகிறது. அந்தப் பகடை என்னிடம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

உக்கடத்தில் உன் வீட்டு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேல் கூடுவோம். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஜெபா, பம்பு கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் முரளி, நான், நீ. நால்வரும் நாற்பதைத் தொட்டவர்கள். நீதான் கதையை நடத்துவாய். நாங்கள் மூவரும் அந்தக் கதையில் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்போம். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அவரவர் பாத்திரத்துக்கு ஒரு தாள் உண்டு. பலம் எவ்வளவு, அறிவு எவ்வளவு, என்ன கிளாஸ், எத்தனையாவது லெவல் என்பதெல்லாம் அதில் இருக்கும். போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று கிளாஸ் நாலைந்து வகை. என் பாத்திரம் பூவாத்தாள். அவள் தாளில் கிளாஸ் என்ற இடத்தில் 'திருடி' என்று எழுதியிருந்தது.

ஒருநாள் நாங்கள் ஒரு கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நீ காவல்காரனாகக் குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, "யாருங்க நீங்கெல்லாம்?" என்றாய்.

முரளி மார்பை நிமிர்த்தி, "நான் அஞ்சாம் லெவல் மந்திரவாதி" என்றான்.

"லெவலுன்னா என்னங்க தம்பி? அஞ்சாவது மாடில குடியிருக்கீங்களா?"

ஜெபா சிரித்துத் தேநீரைச் சிந்திவிட்டாள். முரளிக்குத்தான் கோபம். தன் பாத்திரத்துக்குத் தான் யார் என்று தெரியாதா என்று கேட்டான். மந்திரவாதிக்கு மந்திரம் தெரியும், தனக்குத் தெரியும் என்பதும் தெரியும், ஆனால் கிளாஸ், லெவல் என்று ஒன்று இருப்பது அந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றாய். சிரித்து முடித்ததும் ஜெபா அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"மந்திரவாதி பாடசாலைக்குப் போறான். பூசாரி கோயிலுக்குப் போறான். ஆயிரம் வருசமா ஒரு ஊர்ல ஒருத்தருமா இந்த வித்தியாசத்தைக் கவனிக்காம இருப்பாங்க?"

"கவனிப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச பேரா வைப்பாங்க. செய்யற வேலையைப் பாத்து வைப்பாங்க. தாளைப் பாத்து வைக்க மாட்டாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாய். "உன்ற பூவாத்தாளையே எடுத்துக்க. ஊர்ல அவ பேரு பூட்டுக்காரி. சாவியைத் தொலைச்சவங்கெல்லாம் அவளைத்தான் தேடி வாராங்க. திருடின்னு எழுதியிருக்கறது நமக்கு மட்டுந்தான் தெரியும். அவகிட்டப் போய் யாரும் சொல்லிப்போடாதீங்க."

எனக்கு அது பிடித்திருந்தது. தன்னைப் பற்றி ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டது எதுவும் தெரியாமல் பூவாத்தாள் நிம்மதியாகப் பூட்டுத் திறந்துகொண்டிருந்தாள். ஜெபா மட்டும் விடவில்லை. வாரம் ஒரு புது வாதத்தோடு வருவாள், நீயும் சளைக்காமல் பதில் சொல்வாய்.

அந்த ஆனி மாதம் உனக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் காலை உன் கணவர் சிவகுமார் என்னைக் கைப்பேசியில் அழைத்து, பெரியகுளத்துக் கரைக்கு வரச் சொன்னார். அங்கே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்கேன் உறை. கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது, அதிகம் போனால் ஆறு மாதம் என்று டாக்டர் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"அவகிட்ட குடல்ல புண்ணுன்னு சொல்லியிருக்கறனுங்க. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவா. நீங்க வாரா வாரம் வந்து போறவங்க. தயவு பண்ணி வாயத் தொறந்துராதீங்க அம்மணி."

சரிங்க என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து ஞாயிறு வந்தேன். நீ சோறு பாதி வைத்துவிட்டு எழுந்துகொள்வாய். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. புண் ஆறிக்கொண்டிருப்பதாகச் சொல்வாய், நான் தலையாட்டுவேன். ஜெபாவுக்கும் முரளிக்கும்கூட நான் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் வாய் கசக்கும்.

ஆறாவது ஞாயிறு மற்ற இருவரும் கிளம்பிய பின், என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ தாள்களை அடுக்கியபடியே பேசினாய்.

"ஆட்டத்துல நீ நல்லா புளுகற. நெசத்துல உனக்கு வராது, தெரியுமா?"

நான் செருப்பில் காலை நுழைத்தேன்.

"என்ற தாளை எல்லாரும் படிச்சிருக்கீங்க. டாக்டரு, அவரு, நீ. நான் மட்டும் படிக்கல. என்ன எழுதியிருக்கு, சொல்லு."

"அவர்கிட்ட கேளு."

"அவரு அழுதுருவாரு. நீ சொல்லு."

சொன்னேன். எந்த உறுப்பு, எதுவரை பரவியிருக்கிறது, எத்தனை மாதம் என்று எல்லாவற்றையும். பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். முடித்ததும், "சரி. கொஞ்சம் டீ வெக்கட்டுமா?" என்றாய். வேண்டாம் என்றேன். நீ வைத்தாய். இரண்டு பேரும் குடித்தோம்.

சாயங்காலம் சிவகுமார் அழைத்தார். "நம்பிச் சொன்னனுங்க. இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே. கதவைச் சாத்திட்டு உள்ள படுத்திருக்கறா. இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வராதீங்க." அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் செய்தது தப்போ என்று அன்றிலிருந்து பதினோரு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சரி என்று ஒருபோதும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் நீயே அழைத்தாய். "ஞாயித்துக்கிழமை வா. அவர்கிட்ட பேசிட்டேன்."

அந்த ஞாயிறு ஆட்டம் தொடங்குவதற்கு முன் மூவரையும் உட்கார வைத்து, உனக்கு என்ன நோய் என்று நீயே சொன்னாய். முரளி எழுந்து மாடிச் சுவர் ஓரம் போய் நின்றான். அவன் திரும்பி வரும்வரை காத்திருந்தாய். பிறகு, "ஜெபா, ஒரு விசயம். நான் போட்ட சட்டம் பாதி தப்பு" என்றாய்.

கதையில் புதிதாக ஒரு ஊர் வந்தது. அங்கே ஓர் ஓலைச்சாவடி. ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிய ஓலை அங்கே இருந்தது. உள்ளே போய்க் கேட்டால் படித்துக் காட்டுவார்கள். கேட்காதவரிடம் தாமாகப் போய்ச் சொல்லக் கூடாது. அது சாவடிக்காரர்களுக்குக் கட்டளை.

ஜெபாவின் பூசாரி போய்க் கேட்டான். முரளியின் மந்திரவாதி, "எனக்கு வேண்டாங்க" என்று வாசலிலேயே நின்றுகொண்டான். நீ அவனை வற்புறுத்தவில்லை. நான் பூவாத்தாளை உள்ளே கூட்டிப் போனேன். நீ சாவடிக்காரியாக ஓலையைப் பிரித்து, "திருடின்னு இருக்குதுங்க" என்று மெதுவாகப் படித்தாய். பூவாத்தாளாக, "அப்ப இத்தன நாளா எனக்கு இந்த வேலை எப்பிடி வந்துச்சுன்னு இப்பத்தானுங்க புரியுது" என்றேன். நீ தலையசைத்தாய். பூவாத்தாள் வெளியே வந்தாள். தெருவில் ஒரு கிழவர் சாவியைத் தொலைத்துவிட்டு நின்றிருந்தார். அவருக்குப் பூட்டைத் திறந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஊட்டி விடுதியில் படித்துக்கொண்டிருந்த மகளை வீட்டுக்கே வரவழைத்தாய். படிப்பு கெடும் என்று சிவகுமார் சொன்னதற்கு, "ஒரு வருசம் கெட்டுப் போகட்டும்" என்றாயாம். பல்லடத்தில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாய். ஒரு சுற்று புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்ட பிறகு, இரண்டாவதை வேண்டாம் என்று டாக்டரிடம் நேராகச் சொன்னாய். கதையையும் அவசரமில்லாமல் நடத்தி, மூன்று பாத்திரங்களையும் வீடு சேர்த்து முடித்தாய். தை பிறந்து சில நாளில் போனாய்.

சிவகுமார் என்னோடு பேசவே இல்லை. நான் துக்கத்துக்கு வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வருடம் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த ஆறு வாரம் அவகூட ஒரு வார்த்தை நெசம் பேசலீங்க. அதுக்கப்பறம் இருந்த அஞ்சு மாசமும் பொய்யே பேசல. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க."

அவர் போன பிறகு அழுதேன். ஆனாலும், அன்று மாடி அறையில் நான் சொல்லச் சொல்ல உன் முகம் எப்படி மாறியது என்பதை அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். அது என்னைவிட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. போன மாதம் என் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று சொன்னார்கள். மருத்துவமனை வராந்தாவிலேயே தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்க மாட்டேன்" என்றேன். அவனுக்குக் கோபம். உன் கதையையெல்லாம் அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

தினமும் வேலை முடிந்ததும் அம்மாவிடம் போகிறேன். கால் அமுக்கிவிடுகிறேன். மருமகளைப் பற்றி, சீரியலைப் பற்றி, மாத்திரையின் கசப்பைப் பற்றிப் பேசுகிறாள். நடுவில் சில சமயம் பேச்சை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். நான் கண்ணை எடுப்பதில்லை.

இன்னும் அவள் கேட்கவில்லை.