இருட்டு வள்ளம்

முல்லைத்தீவு
12.06.2026

அன்பு மகள் கம்சாவுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் விஜிதரனும் குஞ்சுகள் இரண்டும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். வட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இந்த மனுசனுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய், சிரி. போனில் சொல்ல ஏலாததைப் பேப்பரில் சொல்லலாம், அவ்வளவுதான். இங்கே சோளகக் காற்று தொடங்கிவிட்டது, மீன் பரவாயில்லை, வள்ளத்துக்குப் புதுப் பச்சைப் பெயின்ற் அடித்திருக்கிறேன். நீங்கள் வருகிறீர்கள் என்று அம்மா ஒரு மாதமாக வீட்டைக் கழுவுகிறா, நான் கால் வைக்கிற இடமெல்லாம் பேச்சு வாங்குகிறேன். சின்னவன் ஜெரோம் இருந்து சாப்பிட என்று குசினிக்குள் ஒரு குட்டிக் கதிரை வந்திருக்கிறது, அதில் பூனை படுக்கிறது, அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

அவ்வளவு தூரம் இரண்டு பிள்ளைகளையும் எப்படி அழாமல் கொண்டுவருவது என்று கேட்டிருந்தாய். விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதே, ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி வை, அழுகை வரப்போகும்போது ஒன்றை எடு, அவிழ்ப்பதிலேயே கொஞ்ச நேரம் போகும். கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் இருந்து வரும்போது வான் குலுக்கித் தலை சுற்றினால் மணக்க ஒரு தேசிக்காய் வைத்திரு. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் வரும்போது மயில் நிற்கும், மூத்தவள் மெலனிக்கு இடது பக்கம், ஜெரோமுக்கு வலது பக்கம் என்று எண்ண விடு. அவன் காகத்தையும் மயில் என்றுதான் எண்ணுவான், எண்ணட்டும், அவனையே வெல்ல விடு.

இனி விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பிள்ளைகளின் கையில் கட்டுகிற சுருள் கயிற்றைக் காட்டினாய், எயார்போர்ட்டில் தொலையாமல் இருக்க வாங்கினனான் என்றாய். அதைக் கட்டிக்கொண்டு இரண்டும் கண்ணை மூடி முன்னும் பின்னுமாக நடந்தன. நான்தான் இருட்டு வள்ளம் விளையாடப் பழக்கினனான் அப்பா என்று நீ சொன்னாய். ஜெரோம் பின்னுக்கு நின்று வாயால் என்ஜின் சத்தம் போட்டான். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போகவில்லை பிள்ளை, நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகு நீ அம்மாவிடம் அழுததை அவா மீன் வெட்டிக்கொண்டு சொன்னா. நாங்கள் வாறது அப்பாவுக்கு விருப்பமில்லையோ என்று கேட்டாயாம். தம்பியின்ர கையை விட்டமாதிரி இதுகளின்ர கையை விடமாட்டன் என்றும் சொன்னாயாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விளையாட்டை உண்டாக்கியவன் நான். 2009இல் சண்டைக்குள் ஓடி வந்தபோது அந்த றோட்டில் கிடந்ததை நீங்கள் இரண்டு பேரும் பார்க்கக் கூடாது என்று உண்டாக்கினேன். கயிறுதான் வள்ளம், இப்போது இருட்டு, எல்லாரும் கண்ணை மூட வேண்டும், ஓட்டி நான், நான் கரை வந்திட்டுது என்று சொன்னால்தான் திறக்கலாம். காலில் காயப்பட்ட அம்மா என் தோளில் சாய்ந்து வந்தா. வலைக்கயிற்றை என் இடுப்பில் கட்டி, அடுத்து உன் மணிக்கட்டில் கட்டி, கடைசியில் தம்பி டிலக்ஸனைக் கட்டினேன். ஐந்து வயசு. என்ஜின் பின்னுக்குத்தானே அப்பா பூட்டுறது, நான்தான் என்ஜின் என்று அவனே அடம்பிடித்துக் கேட்ட இடம் அது. வழி முழுக்க வாயால் என்ஜின் ஓட்டிக்கொண்டு வந்தான், நீ அவன் கையையும் பிடித்திருந்தாய்.

ஷெல் விழுந்தது, எல்லாரும் விழுந்து படுத்தோம். எழும்பியதும் நான் ஓடுங்கோ என்று கத்திக்கொண்டு கயிற்றை இழுத்தேன். வலையின் பாரத்தைக் கையாலேயே அறிகிறவன் நான், அந்தக் கயிறு இலேசானது எனக்குத் தெரியவில்லை. என்ஜின் சத்தம் நின்றதும் தெரியவில்லை. நீ கத்தித்தான் திரும்பினேன். திரும்பி உன்னைப் பார்த்து, ஏன்டி கையை விட்டனி என்று கேட்டேன். உனக்கு அப்போது ஒன்பது வயசு.

மகள், அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே நான் கயிற்றின் நுனியைப் பார்த்தேன். அறவில்லை, பிய்யவில்லை, சும்மா நேராகக் கிடந்தது. நாங்கள் வள்ளத்தைக் கட்டுகிற முடிச்சு உனக்குத் தெரியும், அவசரத்துக்கு ஒரே இழுவையில் அவிழும். முப்பது வருசம் கட்டிய கை, பிள்ளைக்கும் அதையே கட்டிவிட்டது. நான் இழுத்தேன், அது அவிழ்ந்தது. கயிறு கட்டியிருக்கும் என்று நம்பித்தான் நீ எழும்பும்போது அவனைப் பிடித்த கையை நிலத்தில் ஊன்றினாய். திரும்பி ஓடினேன், சனம் தள்ளியது, நாங்கள் படுத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினேழு வருசம் அம்மா அவன் படத்தைக் கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராகத் திரிந்தா, நான் பின்னால் போனேன், இந்த முடிச்சை அவாவிடமும் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் அவாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன், என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

நான் சொல்லும்வரை கண்ணைத் திறக்க மாட்டான் அவன், சொல்லுக் கேட்கிற பிள்ளை. அதை நினைத்தால்தான் எனக்கு இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு நாள் விடியவும் வள்ளம் மணலில் முட்டியதும், டிலக்ஸன், கரை வந்திட்டுது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். கூட வாற பெடியள் முதலில் சிரித்தார்கள், இப்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆகவே வா, கட்டாயம் வா. விளையாட்டை நிறுத்தாதே, அது தம்பியின் விளையாட்டு. ஆனால் முடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, கரை வந்திட்டுது என்று சொல்லு. நித்திரையாகிப் போனாலும் காதுக்குள் சொல்லு. மாதா உங்கள் நாலு பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அம்மாவின் முழங்காலுக்குப் பூசுகிற மருந்தை மறந்துவிடாதே, இதையும் மறக்காதே, நீ கையை விடவில்லை.

இப்படிக்கு,
முடிச்சைப் போட்ட உன் அப்பா,
செ. தோமஸ்